நகர்ந்த பெயின்ட் டின்

என் வேனில் ஏறி அழுதவர்களுக்குக் கணக்கே இல்லை. முக்கால்வாசிப் பேருக்கு ஆறு வயதுகூட ஆகியிருக்காது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் அழுகைக்கெல்லாம் அசையக்கூடாது. அசைந்தால் ஒரு நாள்கூட மணி அடிப்பதற்குள் போய்ச் சேர முடியாது. அப்படிப்பட்ட என்னையே போன வருஷம் ஒருத்தன் அசைத்துவிட்டான். நாற்பத்து மூன்று வயது ஆள். குழந்தைகள் உட்காருகிற குட்டை சீட்டில், முழங்கால் இரண்டும் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, சத்தமே இல்லாமல் அழுதான்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் ஓட்டப் பந்தயம் நடக்கும். இருபத்தொரு கிலோமீட்டர். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். நடத்துகிறவர்கள் என் வேனை வாடகைக்கு எடுப்பார்கள். எல்லாருக்கும் பின்னால், மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில், கூடாமல் குறையாமல் நான் வர வேண்டும். வேன் யாரைத் தாண்டுகிறதோ அவர் ஆட்டம் முடிந்தது, ஏறி உட்கார வேண்டியதுதான். பொறுக்கு வண்டி என்று இதற்குப் பேர். போன வருஷம் பதினெட்டாவது கிலோமீட்டரில் நான் பொறுக்கியது என் பக்கத்து வீட்டுக்காரனையே.

அவனை எல்லாரும் நேர்கோடு என்றுதான் கூப்பிடுவோம். ரோட்டில் வெள்ளைக் கோடு போடுகிற கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக வேலை. கொப்பரையில் பெயின்ட் தூளைக் கொதிக்கவிட்டு, தள்ளுவண்டியில் ஊற்றி, சாக்பீஸ் பொடி தடவிய கயிற்றைத் தரையில் இழுத்துச் சுண்டிவிட்டு, அந்தத் தடத்தின் மேலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். மேலே வெயில், கீழே கொதிப்பு. இவன் போட்ட கோட்டின் மேல் தினமும் ஆயிரம் வண்டி போகிறது. அடடா என்ன நேராகப் போட்டிருக்கிறான் என்று ஒரு மனுஷன் இறங்கிப் பார்த்துச் சொன்னது கிடையாது. பந்தயத்தில் மட்டும், கடைசியில் வருகிறவனுக்கும் ரெண்டு பக்கமும் நின்று கை தட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல்தான் அவனுக்கு வேண்டும். என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறான்.

அதைப் போன வருஷம் என் வேன் சாப்பிட்டுவிட்டது. அவனுடைய மச்சினன் செல்போன் கடைக்காரன், வாய் சும்மா இருக்காது. வீட்டுக்கு வந்தாலே ஆரம்பித்துவிடுவான்: "மாமா, இந்த வருஷம் ஜன்னல் சீட்டா சொல்லி வெச்சிடட்டுமா?" இவன் சிரிப்பான். சிரித்துவிட்டு உள்ளே போய் ஷூ லேஸைக் கழற்றிக் கழற்றிக் கட்டுவான்.

இந்த வருஷம் வெறியாக இறங்கினான். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரிய குடோன். அதன் மதில் அரைக் கிலோமீட்டருக்கும் மேலே ஒரே நீட்டமாகப் போகும். ஒரு கதவு கிடையாது, ஒரு ஜன்னல் கிடையாது, வெள்ளையடித்த வெறும் சுவர். அதன் ஓரத்து மண் ரோட்டில், விளக்குக் கம்பத்திலிருந்து ஐந்நூறு மீட்டர் அளந்து, ஒரு பழைய பெயின்ட் டின்னில் சிமென்ட் ரொப்பி வைத்தான். கம்பத்திலிருந்து டின்னுக்கு, டின்னிலிருந்து கம்பத்துக்கு, போய் வந்தால் ஒரு கிலோமீட்டர். காலை ஐந்தரைக்கு நான் வேனைத் துடைக்கும்போது அவன் போவான், வருவான், போவான், வருவான். பார்க்கிற எனக்குத்தான் தலை சுற்றும்.

"ஏந்தம்பி, ஊர்ல ரோடா இல்ல? இதென்ன, வேண்டுதலா?"

"ரோட்டுல போனா எவ்வளவு பாக்கின்னு மனசு கேட்டுக்கிட்டே இருக்கும்ணே. இங்க அந்த டின்னு மட்டுந்தான். டின்ன தொடு, திரும்பு. இருபத்தொண்ண நினைச்சா கால் நடுங்குது. டின்ன நினைச்சா நடுங்கல."

அந்த ஐந்நூறு மீட்டரை அவன் அளந்தது ஒரு அளவுச் சக்கரத்தால். ஒரு கைப்பிடி, கீழே ஒரு சக்கரம். ஒரு சுற்று உருண்டால் ஒரு மீட்டர் என்று எண் விழும். கம்பெனியில் பழசு என்று கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். விளிம்பு ரப்பர் கழன்று போயிருந்தது. அதனால் என்ன, உருளுகிறதே என்று விட்டுவிட்டான். செல்போன் வேறு கணக்கு காட்டியது. இருபத்தொரு சுற்று ஓடினால் அது இருபதுதான் என்றது. ஒரு நாள் அவன் குடோன் கூரை மேல் ஓடினதாகக்கூடக் காட்டியது. "போன் பொய் சொல்லும்ணே, சக்கரம் சொல்லாது" என்றான். பத்தொன்பது வருஷம் சக்கரத்தை நம்பிச் சோறு தின்றவன், வேறு எப்படிச் சொல்வான்?

பந்தயத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிறு, இருபத்தொரு சுற்றும் ஓடி முடித்தான். இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். எட்டு நிமிஷம் மிச்சம்! வேர்வையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டான், சட்டையெல்லாம் உப்பு. அன்றைக்கு மச்சினனையே கூப்பிட்டு வைத்து முட்டையும் சோறும் போட்டார்கள். சந்தோஷத்தில் பெண்டாட்டியிடம், "இந்தா, இந்தச் சக்கரத்துக்கு நல்லதா ஒரு உறை தெச்சுக் குடு. இதுதான் என்னை ஓட வெச்சுது" என்றான்.

அவன் பெண்டாட்டி தையல்காரி. முன்னறையில் மிஷின், சுவரெல்லாம் ஊர்ப்பட்ட பேருடைய அளவுச்சீட்டு. மறுநாள் நான் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனை நிறுத்தியதும், வாசலுக்கு வந்து கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க. இதப் பாருங்க."

மிஷின் மேல் சக்கரம் படுத்திருந்தது. அதைச் சுற்றி டேப்பை வைத்துப் பிடித்தாள்.

"எவ்வளவு?"

"தொண்ணூத்தஞ்சு."

"உறைக்கு ஓரப்பட்டி வெட்டணும்னு சுத்தளவு எடுத்தேன். நூறு வரணுமில்ல? ஒரு சுத்துக்கு ஒரு மீட்டர்னுதானே எண் விழுது? என் டேப்புதான் இழுத்துப் போச்சோன்னு புது டேப்பு எடுத்தேன், இரும்பு ஸ்கேல்ல சரிபார்த்தேன். தொண்ணூத்தஞ்சுதாண்ணே. ரப்பர் போனதுல அஞ்சு சென்டிமீட்டர் போயிருக்கு."

எனக்கு முதலில் உறைக்கவில்லை. சீட்டில் கணக்குப் போட்டே வைத்திருந்தாள். டின் இருக்கிற இடம் ஐந்நூறு மீட்டர் இல்லை, நானூற்று எழுபத்தைந்துதான். அவன் ஓடியது இருபத்தொன்று இல்லை, இருபதுக்கும் ஒரு துளி கம்மி. அதே வேகத்தில் உண்மையான இருபத்தொன்று ஓடினால்?

"மூணு மணி ஒரு நிமிஷம்ணே" என்றாள். "மறுபடியும் உங்க வண்டிதான்."

"அடக் கடவுளே. சொல்லிடும்மா. இன்னும் நாளிருக்கே."

"அவரப் பத்தி உங்களுக்குத் தெரியாது. இதச் சொன்னா அன்னிக்கே படுத்துடுவாரு. ரோட்டுக்கெல்லாம் அளவு போடுற மனுஷன், தன் ஓட்டத்துக்கே தப்பா அளந்தேன்னு தெரிஞ்சா எந்திரிப்பாரா?" டேப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "பத்தாத சட்டையத் தையல் பிரிச்சு விடற மாதிரி விட்டுடலாம்ணே. டின்ன நகத்திடலாம். அவரு பாட்டுக்கு ஓடட்டும். கால் தானா பழகிக்கும். பந்தயத்தன்னிக்கு சரியா வந்துடுவாரு."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நன்றாகப் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வேனில் கடப்பாரையைத் தூக்கிப் போட்டேன். அவன் வேலைக்குப் போயிருந்த மத்தியானம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் இருவரும் போனோம். அவள் ஒன்றரை மீட்டர் தையல் டேப்பைத் தரையில் போட்டுப் போட்டு, குத்துக்கால் வைத்தபடியே நகர்ந்தாள். பதினாறு தரம், மேலே ஒரு மீட்டர். இருபத்தைந்து. நான் டின்னை நெம்பி உருட்டிக்கொண்டு போய் அங்கே நிறுத்தினேன். பழைய இடத்துக் குழியைக் காலால் மூடினேன். சுவரைப் பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலவே இருந்தது. திருட்டு வேலை முடிந்தது.

அடுத்த நாள் காலையிலிருந்து பிடித்தது சனியன்.

ஐந்து சுற்று ஓடினால் நாற்பத்தொரு நிமிஷம் ஆகும் அவனுக்கு. அன்றைக்கு நாற்பத்து மூன்று. போனைத் தட்டிப் பார்த்தான். மறுநாளும் நாற்பத்து மூன்று. அதற்கடுத்த நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான், நாற்பத்திரண்டரை. வந்து என் வேன் படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்தான், நடந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

"எங்கயோ கோளாறுண்ணே. காலு நல்லாத்தான் இருக்கு. மூச்சும் நல்லாத்தான் இருக்கு. நேரம் மட்டும் வரமாட்டேங்குது."

"வெயில் ஏறிடுச்சில்ல, அதான்" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

டீயை விட்டான். ஷூவை மாற்றினான், பிடிக்காமல் பழையதையே போட்டான். யாரோ சொன்னார்கள் என்று பேரீச்சம்பழமாகத் தின்றான். இன்னொருத்தர் சொன்னார் என்று அதையும் விட்டான். டாக்டரிடம் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தான். "உனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றாராம். நல்ல சேதிதானே? அவனுக்கு அது இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் மனசில்தானே இருக்கிறது? சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருப்பான். அதை நிறுத்தினால் கால் ஆடும். மச்சினன் வந்து ஜன்னல் சீட்டு என்று ஆரம்பிக்கவும், தண்ணீர்ச் சொம்பை நங்கென்று வைத்து, "இன்னொரு தடவ சொன்னே, வீட்டுக்குள்ள வராத" என்று கத்தினான். மச்சினன் வெலவெலத்துப்போய் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

தையல்காரியிடம் போய், "சொல்லித் தொலைச்சிடலாம்மா, பாக்க முடியல" என்றேன்.

"இன்னும் ரெண்டு வாரம்ணே. நேரம் குறைஞ்சுக்கிட்டுத்தான் வருது. நான் குறிச்சு வெச்சிருக்கேன்." அளவுச்சீட்டுகளுக்கு நடுவில் அவன் நேரங்களும் தொங்கின. ஊசியில் நூல் கோர்க்கப் போனவளுக்கு மூன்று தரம் தவறியது. அவளும் தூங்குவதில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு, இருபத்தொரு சுற்றும் மறுபடி ஓடினான். இரண்டு மணி ஐம்பத்தொன்பது நிமிஷம். அவள் என்னைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் சிரித்தாள். பின்னே? உண்மையான இருபத்தொன்றை மூன்று மணிக்குள் முடித்துவிட்டானே! அவனோ கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றான். அவன் கணக்கில் நாலு வாரத்தில் ஏழு நிமிஷம் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை வேலையில் கோடு வளைந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. கயிறு சரியாகத்தான் இருந்ததாம், இவன் கைதான் போய்விட்டது. பத்தடி நீளத்துக்கு ஒரு நெளிவு. மேஸ்திரி எல்லார் முன்னாலும், "நேர்கோடுன்னு பேர மாத்திடு" என்றாராம். சூடாகப் போட்ட பெயின்ட் ஆறினால் கல். உளி வைத்துச் செதுக்கிச் செதுக்கி எடுத்திருக்கிறான். விரல் கணுவெல்லாம் தோல் பெயர்ந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் பந்தய நம்பர் வாங்கி வந்தான். நான் என் சட்டைக்குப் பட்டன் தைக்கக் கொடுத்துவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நம்பர் துணியை மிஷின் மேல் போட்டான்.

"இதை மிஷின் துடைக்க வெச்சுக்க. நாளைக்கு நான் போகல."

"என்ன பேச்சு இது?"

"முடியலடி. ஓட ஓட அந்த டின்னு தள்ளித் தள்ளிப் போவுது. கண்ணால பாக்கறேன், தள்ளிப் போவுது. இடத்துல இருக்கற டின்னு எப்படித் தள்ளிப் போவும்? என் மனசுதான் பயந்து போச்சு. பயந்த மனசோட போயி மறுபடி அந்த வண்டில ஏறணுமா? ஒரு தடவ ஏறினதே போதும்."

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். "டின்னு தள்ளித்தான் போச்சு" என்றாள். "நாந்தான் தள்ளி வெச்சேன்."

உறையிலிருந்து சக்கரத்தை எடுத்து, டேப்பைச் சுற்றிக் காட்டினாள். அவன் டேப்பைப் பிடுங்கித் தானே அளந்தான். ஒரு தரம், இரண்டு தரம், மூன்றாம் தரம். தொண்ணூற்றைந்து. எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். என் கடப்பாரையையும் விடவில்லை.

"அளவு தப்பானது என் முட்டாள்தனம்" என்றான் மெதுவாக. பிறகு சத்தம் ஏறியது. "நீ ஏன் ஏமாத்தினே? நாலரை வாரம்! எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நெனைச்சேன். டாக்டர்ட்ட போயி நின்னேன். கோட்ட வளைச்சேன். எல்லாம் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"சொன்னா படுத்துடுவீங்கன்னு..."

"இப்ப மட்டும் நின்னுக்கிட்டா இருந்தேன்?" என் பக்கம் திரும்பினான். "நீங்க வேற. வெயில் ஏறிடுச்சுன்னீங்களே அண்ணே."

 பட்டன் தைக்காத சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவன் எனக்கு முன்னால் வெளியே போய்விட்டான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய், நல்ல சக்கரத்தை வாங்கி வந்து, கம்பத்திலிருந்து டின் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான். நாங்கள் இருவரும் குற்றவாளிகள் மாதிரி பின்னால் நடந்தோம். டின்னைத் தொட்டதும் எண்ணைக் குனிந்து பார்த்தான்.

"ஐந்நூறு. மேல ஒரு சாண் இருக்கே?"

"தையலுக்கு விடுவோமே, அந்த மாதிரி" என்றாள் அவள், அழுகையோடு. "பத்தாம போயிடக்கூடாதுன்னு."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் டின் மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் கணக்குப் போட்டான். "அப்ப போன வாரம் நான் ஓடினது நெசமாவே இருபத்தொண்ணா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். ஆமாம் என்றோம். அவளிடம் அதற்கப்புறம் பேசவில்லை. நம்பர் துணியை மட்டும் மிஷின் மேலிருந்து எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பந்தயம் கிளம்பியது. நான் வேனைக் கிளப்பும்போது தையல்காரி வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். "முடியற இடத்துல நின்னு என்னால காத்துக்கிட்டிருக்க முடியாதுண்ணே" என்றாள். மடியில், பந்தயம் நடத்துகிறவர்கள் கொடுத்த நேரச் சீட்டு, எந்தக் கிலோமீட்டர் போர்டை எத்தனை மணிக்குத் தாண்ட வேண்டும் என்று. கையில் மச்சினன் கடையிலிருந்து வாங்கி வந்த கடிகாரம்.

பதினாறு வரைக்கும் அவனைக் கண்ணால் பார்க்கவே இல்லை. வேனில் மூன்று பேர் ஏறியிருந்தார்கள். அதில் ஒரு பையன் ஏறியதிலிருந்து வாழைப்பழம் தின்றுகொண்டே இருந்தான். பதினேழு தாண்டியதும் எங்கள் ஆளின் முதுகு தெரிந்தது. நடு ரோட்டில், தான் போட்ட வெள்ளைக் கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருந்தான். விட்டுவிட்டுப் போகிற கோடு அது. ஒவ்வொரு கோடு தாண்டும்போதும் தலை லேசாக ஆடியது. எண்ணுகிறான்.

பதினெட்டாவது போர்டு வந்தது. போன வருஷம் நான் அவனைப் பொறுக்கிய அதே இடம். அவன் வேகம் தளர்ந்தது. வேன் சத்தம் கேட்டிருக்கும். கழுத்து விறைத்தது, ஆனால் திரும்பவில்லை.  என்னை அறியாமல் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. யார் பார்க்கப் போகிறார்கள், நாலு செகண்டு.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"சும்மா இரும்மா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும்."

"காலை எடுங்க." அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏழுல போங்க. விட்ட நாலு செகண்டையும் அடுத்த போர்டுக்குள்ள பிடிங்க. இன்னொரு தடவ அவருக்கு நாம அளந்து குடுக்க வேணாம்."

"வண்டி தாண்டிடும்மா."

"தாண்டினா தாண்டட்டும். நான் இறங்கிக் கூட நடக்கறேன். எடுங்கன்னா எடுங்க."

எடுத்தேன். எந்தப் பாவத்துக்கு இந்த வாடகையை ஒப்புக்கொண்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு அவன் முதுகை நோக்கி வண்டியை விட்டேன். பத்தொன்பதாவது போர்டைச் சீட்டில் இருந்த செகண்டுக்குத் தாண்டினோம். இருபதாவது போர்டில் வேனுக்கும் அவனுக்கும் நாற்பதடிதான். அவள் ஒரு கையால் கடிகாரத்தையும் ஒரு கையால் என் சீட்டுக் கம்பியையும் பிடித்துக்கொண்டிருந்தாள். வாழைப்பழப் பையன் தின்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான்.

அந்தக் கடைசிக் கிலோமீட்டரில் அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. கோடுகளை எண்ணுவதை விட்டுவிட்டான், அது தெரிந்தது. தலை ஆடவில்லை. நேராகப் பார்த்து ஓடினான். நாற்பதடி ஐம்பதானது. ஐம்பது எழுபதானது. ரெண்டு பக்கமும் நின்றவர்கள் கடைசி ஆள் என்று தெரிந்து கை தட்டினார்கள், கத்தினார்கள். அதற்குள் எனக்குக் கண் மறைத்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஆகாது.

இரண்டு மணி ஐம்பத்தொன்பது நிமிஷம் நாற்பத்தெட்டு செகண்டு. பன்னிரண்டு செகண்டு மிச்சம்.

வேனை ஓரமாக நிறுத்தினேன். கழுத்தில் மெடலோடு அவன் வந்தான். மச்சினன் ஓடிவந்து தோளைப் பிடிக்க, அவனை விலக்கிவிட்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தான். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அண்ணே, ஏழுலதான் வந்தீங்களா?"

"ஏழுதான்யா."

"உங்க பேச்ச நான் நம்ப மாட்டேன்." குனிந்து அந்தப் பக்கம் பார்த்தான். நேற்று மத்தியானத்துக்கப்புறம் முதல் தடவையாக அவளைப் பார்த்தான். "நீ சொல்லு."

"பதினெட்டுல நாலு செகண்டு நிறுத்தினாரு" என்றாள். "நான் திட்டினேன். பத்தொம்பதுக்குள்ள நாலையும் பிடிச்சிட்டாரு. மீதியெல்லாம் சரியா ஏழு."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அதை மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான். முகம் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது.

"அப்ப பன்னண்டும் என்னுதுதானா?"

"பன்னண்டும் உங்களுதுதான்."

அவன் கம்பியை விட்டான். வேனைச் சுற்றிப் பின்னால் போய்க் கதவைத் திறந்தான். குட்டை சீட்டுகளுக்கு நடுவில் குனிந்து நுழைந்து, போன வருஷம் உட்கார்ந்த அதே கடைசி சீட்டில், முழங்கால் இரண்டும் மோவாயில் இடிக்க உட்கார்ந்தான்.

"இப்ப ஏறலாமில்ல?" என்றான். "வீட்டுக்கு விடுங்கண்ணே. பசிக்குது."

அவள் முன் சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் போய், இல்லாத இடத்தில் அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன். எந்த வேகத்தில் ஓட்டினேன் என்று அன்றைக்கு அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.